தோட்டக் கதைக்கு ஒரு வரைபடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “மால்குடி என்ற ஊர் உண்மையில் எங்கே இருக்கிறது?” என்று தங்கள் ஞாயிறு மலரில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படி ஓர் ஊர் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி வந்த அதே மலரில் மலேசியத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் இரண்டு தோட்டக் கதைகளும் வந்திருந்தன. இரண்டிலும் தோட்டத்துக்குப் பெயர் இல்லை. பக்கத்தில் இருப்பது ‘டவுன்’, ஓடுவது ‘ஆறு’, தெரிவது ‘மலை’. கெடா மாநிலமா ஜொகூர் மாநிலமா என்றுகூடப் பிடிபடவில்லை. ஆர். கே. நாராயண் இல்லாத ஊரை இருப்பதுபோல் எழுதினார். நாம் இருந்த ஊரை இல்லாததுபோல் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கடிதத்தின் நீளத்தைப் பொறுத்தருளுங்கள்.

மால்குடி முதலில் ஒரு ரயில் நிலையமாகத்தான் நாராயணுக்குத் தோன்றியது. செப்டம்பர் மாதம் ஒன்றில், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தபோது அந்தச் சின்ன ஸ்டேஷன்தான் கண்ணுக்கு வந்தது என்று தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். முதல் நாவல் 1935இல் வெளிவந்தது. திருச்சிக்குப் பக்கத்திலுள்ள லால்குடியைத்தான் மாற்றிப் போட்டார் என்பார் உண்டு. பெங்களூரின் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டவைத்தார் என்பார் உண்டு. அவர் வாழ்ந்த மைசூரேதான் என்பாரும் உண்டு. பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, வந்தபின் அவர் செய்த வேலைதான் எழுதுகிறவர்களுக்குப் பயன்படும். ஊரின் ஓரத்தில் சரயு ஆற்றை ஓடவிட்டார். எட்டத்தில் மெம்பி மலைக்காட்டை நிறுத்தினார். மார்க்கெட் ரோடு, கபீர் தெரு, லாலி எக்ஸ்டென்ஷன், ஆல்பர்ட் மிஷன் பள்ளி என்று ஐம்பது ஆண்டுக் கதைகளில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆய்வாளர்கள் பின்னாளில் மால்குடிக்கு வரைபடமே வரைந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை அவர் கதைகளில் சென்னையாகவே இருக்கிறது. சின்ன ஊரைத்தான் கற்பித்தார், பெரிய ஊரின் பெயரில் கை வைக்கவில்லை. அதனால்தான் சென்னைக்கு ரயில் ஏறும் மால்குடிக்காரரை நாம் நம்புகிறோம்.

1980களில் சங்கர் நாக் இந்தக் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கர்நாடகத்தின் ஆகும்பேயில் படம் பிடித்தார். தொடர் அருமையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆகும்பே மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டித் தீர்க்கும் ஊர். நாராயணின் ஊரிலோ மாலையில் ஆற்று மணலில் உட்கார்ந்து பேசுவார்கள். ஓட்டுக் கூரையும் பாசி படிந்த சுவரும் கண்ணில் பதிந்துவிட்டதால், அந்த வறண்ட சமவெளி ஊரைப் பலர் இன்று மலையூராகவே நினைக்கிறார்கள். தொடரில் வந்த அரசாலு ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் இப்போது மால்குடி அருங்காட்சியகம்.

கற்பனை ஊரைக் கட்டும் கணக்கில் இங்கிலாந்தின் தாமஸ் ஹார்டியிடம் பாடம் கேட்கலாம். தம் சொந்த மாவட்டமான டார்செட்டையும் சுற்று வட்டாரத்தையும் ‘வெஸ்ஸெக்ஸ்’ ஆக்கினார். அந்தப் பழைய பெயரை நாவலில் முதலில் எடுத்தது 1874இல். டார்செஸ்டர் காஸ்டர்பிரிட்ஜ் ஆனது, சாலிஸ்பரி மெல்செஸ்டர் ஆனது, ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட்மின்ஸ்டர் ஆனது. தனித்தனியாக எழுதிய நாவல்களில் ஊர்ப்பெயரும் தூரமும் முன்னுக்குப்பின் முரணாக இருந்ததைக் கண்டு, 1895இல் தொகுப்புப் பதிப்பு வந்தபோது உட்கார்ந்து திருத்தினார். ஒரு வரைபடத்தையும் சேர்த்தார். அவருடைய எக்டன் ஹீத் என்ற பொட்டல் எந்த ஓர் இடத்தின் நகலும் அல்ல. குறைந்தது பன்னிரண்டு பொட்டல்களை ஒன்றாக்கியது என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். இந்த உத்தி நமக்கு மிகவும் பொருந்தும். ஒரு தோட்டத்தின் கோயில், இன்னொன்றின் பால் ஸ்டோர் (ரப்பர்ப் பால் கொண்டுசேர்க்கும் இடம்), மூன்றாவதன் பள்ளிக்கூடம் என்று சேர்த்துவிட்டால், ‘இது எங்கள் கிராணியைப் (தோட்டத்து எழுத்தரை) பற்றிய கதைதானே’ என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

அமெரிக்காவின் வில்லியம் பாக்னர் இன்னும் ஒருபடி போனார். மிசிசிப்பியில் அவர் வாழ்ந்த ஆக்ஸ்போர்டு நகரை ‘ஜெஃபர்சன்’ ஆக்கினார். ஆனால் அங்கிருந்த பல்கலைக்கழகத்தை உருவிவிட்டார். ஆக்ஸ்போர்டும் அவர் கதைகளில் தனி ஊராக எட்டத்தில் இருக்கிறது! உண்மை ஊரையும் வரைபடத்தில் வைத்துவிட்டால், கற்பனை ஊர் அதன் நகல் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. 1936இல் வந்த நாவலில் தாமே வரைந்த வரைபடத்தைச் சேர்த்து, பரப்பு 2,400 சதுர மைல், மக்கள் தொகை 15,611 என்று எழுதி, ஒரே உரிமையாளர் வில்லியம் பாக்னர் என்று கையெழுத்தும் போட்டார்.

தோட்டத்து மக்களாகிய நாம் நெஞ்சில் வைக்க வேண்டிய ஊர் மக்கோண்டோ. கொலம்பியாவின் அரக்கடாக்காவில் பிறந்த கபிரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் தம் நாவலால் உலகப்புகழ் பெறவைத்த அந்தப் பெயர் அவர் புனைந்ததல்ல. அது ஒரு வாழைத் தோட்டத்தின் பெயர். தாயோடு பிறந்த ஊருக்குப் பயணம் செய்தபோது ரயில் சன்னல் வழியே அந்தத் தோட்டத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததை அவர் எழுதியிருக்கிறார். ரயில், கம்பெனி, கூலிக் குடியிருப்பு, ஏற்றுமதிக்கு ஒரே பயிர், கம்பெனி போனபின் வெறிச்சோடும் ஊர். நமக்குத் தெரியாதது அதில் எதுவுமில்லை. 1928இல் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ராணுவம் சுட்டது வரலாறு. அதுவும் நாவலில் இருக்கிறது. 1947இல் இந்தக் கெடா வட்டாரத்தில் கள்ளுக்கடை எதிர்ப்பில் இறங்கிய தொண்டர் படையினர் போலீசோடு மோதியதும் வரலாறுதான். அந்த மோதலுக்கு ஒரு மக்கோண்டோ இன்னும் அமையவில்லை.

2006இல் அரக்கடாக்காவின் பெயரை அரக்கடாக்கா-மக்கோண்டோ என்று மாற்ற வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சரி என்றார்கள், ஆனால் வந்து வாக்களித்தவர் தொகை போதாததால் பெயர் மாறவில்லை. பிரான்சில் இல்லியே என்ற சிற்றூர், எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் நூற்றாண்டான 1971இல், அவர் நாவலில் தனக்கு வைத்த பெயரையும் சேர்த்துக்கொண்டு இல்லியே-கோம்ப்ரே ஆகிவிட்டது. நமக்குப் பக்கத்தில் கேரளம் வேறு வழியில் போயிற்று. பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமம் ஓ. வி. விஜயனின் 1969ஆம் ஆண்டு நாவலில் கசாக் ஆனது. ஊருக்கு இன்றும் பெயர் தஸ்ராக்தான். விஜயனின் நினைவகம் அங்கேயே இருக்கிறது. ஊரும் கதையும் தத்தம் பெயரோடு பக்கத்துப் பக்கத்தில் வாழும் இந்த ஏற்பாடே மேல் என்று தோன்றுகிறது.

பெயர் மாற்றத்தில் அடிபட்ட அனுபவம் மலேசியாவுக்கும் உண்டு. கோல சிலாங்கூர் பக்கத்துப் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய கதைகளில் பத்தாங் பெர்ஜுந்தையைப் படிக்கும் பிள்ளைகள் அதை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டம் 1917இல் நடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம். ஆங்கிலத் தாள்களில் எழுதப்பட்ட பெயர்தான், ஆனால் அசல் தமிழ்ச் சொல்! அந்தத் தோட்டத்தை நட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொகோனியே மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு பெற்றார். துரை நாவல் எழுதிவிட்டார், நடவு செய்தவர்களின் நாவல் பாக்கி.

பாக்கி என்று சொல்லும்போது நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நினைவுக்கு வருகிறது. அந்த நகரைக் கட்டுவதற்காகப் பெராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கில் பக்கம் குடிபெயர்க்கப்பட்டார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் என்பதால் பெராங் பெசார், அதாவது பெரும்போர், என்று பெயர். இன்று அந்தப் பெயர் எங்கே வாழ்கிறது தெரியுமா? பி.பி. 260, பி.பி. 217 என்று பால்மர (ரப்பர் மர) ஒட்டுரகங்களுக்குப் பெயர் இருக்கிறதே, அந்த ‘பி.பி.’ பெராங் பெசார்தான். மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் அந்த மரங்கள் போயிருக்கின்றன. மரத்தின் பெயரில் தோட்டம் மிஞ்சியிருக்கிறது, நம் கதைகளில் மிஞ்சவில்லை.

இனி, எழுதுகிறவர்கள் கையோடு செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

முதலில் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும். ஆண்டில்லாத தோட்டத்தில் எல்லாமே தப்பாகும். ஓர் எடுத்துக்காட்டு. போருக்குப் பின்னிருந்து 1981 முடியும் வரை தீபகற்பத்தின் கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி பின்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் இன்றைய நேரம். ஆகவே 1965இல் காலை 7 மணி என்றால் இன்றைய ஏழரை, நல்ல வெளிச்சம். ‘காலை ஏழு மணி இருட்டில் தலைவிளக்கோடு மரம் வெட்டினாள்’, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவினாள், என்று அந்த ஆண்டுக் கதையில் எழுதினால், வெட்டிய கை சிரிக்கும். தூரமும் அப்படித்தான். கிலோமீட்டர் வருமுன் கட்டைக் கணக்கு, ஒரு கட்டை ஒரு மைல். ‘ஐந்தாங்கட்டையில் இறங்கி’ என்றுதான் பாட்டி சொல்வார், ‘எட்டு கிலோமீட்டர்’ என்று சொல்லமாட்டார்.

அடுத்தது வரைபடம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கட்டத் தாள் போதும். நான்கு கட்டம் ஒரு கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒரு கட்டையை 20 நிமிடத்தில் நடப்பார், பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் 30. செம்மண் சாலையில் சைக்கிளுக்கு 7 நிமிடம் கொடுக்கலாம், மழைக்குப் பின் அதுவும் நடைதான். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டுக் களம் (காலையில் பெயர் கூப்பிடும் இடம்), பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை (பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்), கோயில், பள்ளி, கள்ளுக்கடை, கிராணி வீடு, மேட்டில் துரை பங்களா, டவுனுக்குப் போகும் பாதை, இவற்றைக் குறித்துவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். பங்களாவிலிருந்து லயம் தெரியுமா? லயத்திலிருந்து கோயில் மணி கேட்குமா? கதையின் பாதி இந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது.

பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். 2,000 ஏக்கர் தோட்டம் மூன்று சதுர மைலுக்குச் சற்றே அதிகம், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இரண்டரைக் கட்டை. பால்மரத் தோட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைய நிரை, அதாவது வெட்ட வேண்டிய மரவரிசை, சுமார் 450 மரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதால் ஆளுக்கு 900 மரம். ஏக்கருக்கு 120 மரம் என்று வைத்தால் ஓராளுக்கு ஏழரை ஏக்கர். 200 ஏக்கர் தோட்டத்துக்கு 27 பேர் வெட்டினால் போதும். அப்படிப்பட்ட தோட்டத்தில் நானூறு குடும்பமும் ஆறு லயமும் டிரசரும் (மருத்துவ உதவியாளரும்) ஆஸ்பத்திரியும் வருகிற கதைகளைப் படித்திருக்கிறோம். அவ்வளவு பேருக்கும் அங்கே வேலை எங்கே?

வேலை விவரத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் காரணம் தெரியாததால்தான். விடியற்காலையில் வெட்டுவது வழக்கத்துக்காக அல்ல. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். வெட்டி முடித்து இரண்டு மூன்று மணி நேரம் சென்றபின்தான் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) சேர்ந்ததை வாளியில் ஊற்றி, காண்டா என்ற தோள் தடியில் தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்குவார்கள். கதாநாயகி வெட்டிய கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அந்த நாள் வருமானத்தில் துண்டு விழும் நாள். மழையில் நனைந்துகொண்டே பால் வெட்டும் காட்சி உருக்கமாக இருக்கலாம், ஆனால் நடக்காது.

உளி பிடித்த கையைக் கிட்டத்தில் காட்ட விரும்புகிறவர்களுக்கு: வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகை சரிவில் இறங்கும். பால்குழாய்கள் பட்டைக்குள் அதற்கு எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவும் பட்டையின் கனம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். உளி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் முண்டு முண்டாக ஆறும். பிறகு புதுப்பட்டை வளர்ந்தாலும் அந்த இடத்தில் சீராக வெட்ட முடியாது. கங்காணி திட்டுவது இதற்குத்தான். முந்தின வெட்டில் வடிந்து, கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டுதான் அடுத்த வெட்டு. அந்தக் கூடையின் புளித்த நாற்றம் துணியை விட்டுப் போகாது.

பருவமும் பொய் சொல்லக்கூடாது. கெடாவில் ஜனவரி தொடங்கி மார்ச் வரை பால்மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும், பால் குறையும், கையில் காசும் குறையும். காய் பட்டென்று வெடித்துக் கொட்டை தெறிப்பது ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டி. இரண்டையும் ஒரே காட்சியில் வைத்தால் தோட்டத்தில் வளர்ந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். செம்பனைக்கு மாறிய தோட்டத்தில் எழுதினால் இருட்டு வேலையே இல்லை. குலை பழுத்ததைக் கீழே கிடக்கும் உதிரிப்பழம் சொல்லும், அதைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் லாரி வராத நாளில்தான் அங்கே பதற்றம். பால்மரத் தோப்பில் நிரை நெடுகக் கண் ஓடும், இளம் செம்பனையில் நாலு மரத்துக்கு அப்பால் ஆள் தெரியாது. ஒளிந்துகொள்ளும் காதலர்களுக்கும் தேடிவரும் அண்ணனுக்கும் இது பெரிய வித்தியாசம்.

திசை மாறவே கூடாது. எங்கள் பீடோங்கை ஒட்டிய ஊர் என்றால் 1,217 மீட்டர் ஜெராய் மலை இருந்தாக வேண்டும், ஆறு மேற்கே மலாக்கா நீரிணைக்கு ஓட வேண்டும். ஊரின் பெயரை மாற்றலாம், சூரியனை மாற்ற முடியாது.

பெயருக்கு வருவோம், தமிழ் எழுத்தாளனுக்கு இங்கேதான் பொக்கிஷம் இருக்கிறது. தோட்டத்துக்கு ஒரே பெயர் என்பதே கிடையாது. நாமே ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். ஆபீஸ் தாளில் அது கிளென்டோரன் எஸ்டேட். பஸ் கண்டக்டர் கத்துவது புக்கிட் நங்கா. லயத்து அம்மாவுக்கு அது நாலாங்கட்டைத் தோட்டம். டவுனில் பற்றுப் புத்தகம் எழுதும் சீன தவுக்கே (கடை முதலாளி) தம் மொழியில் வேறு பெயர் வைத்திருப்பார். கிராணி ‘கிளென்டோரன்’ என்பதும், அவர் மனைவி கோபத்தில் ‘நாலாங்கட்டை’ என்று விடுவதும் அந்தக் குடும்பத்தின் கதையையே சொல்லிவிடும். கற்பனைப் பெயர் வைக்குமுன், அப்படியொரு தோட்டம் நாட்டில் உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது. இந்த வழக்கம் நமக்குப் புதிதுமல்ல. பட்டினப்பாலை ‘காழகத்து ஆக்கமும்’ என்றது. உரையாசிரியர் அதைக் கடாரம் என்றார். இன்று நாம் கெடா என்கிறோம்.

உண்மைப் பெயரோடு எழுதுவதும் ஒரு வழி. பீடோங்கில் 1942இல் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதியபோது இந்த வட்டாரத்தை ஒளிக்கவில்லை. ஷானோன் அகமது தம் சொந்தக் கிராமமான பாங்கோல் டெர்டாப்பை 1966இல் மலாய் நாவலில் அதே பெயரில் வைத்தார். இந்த வழியில் சலுகை கிடையாது. தெருமுனைக் கடைகூடச் சரியாக இருந்தாக வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. தோட்டக் கதை அனுப்புவோரிடம் கதையோடு ஒரு கையளவு வரைபடமும் ஆண்டும் கேளுங்கள். அச்சிட வேண்டியதில்லை, வரைந்தாலே கதை திருந்தும். இன்னொன்று, ஞாயிறு மலரில் வாரம் அரைப்பத்தி ஒதுக்கி, வாசகர்களிடமிருந்து தோட்டப் பெயர்களைத் திரட்டுங்கள். ஆபீஸ் பெயர், மக்கள் சொன்ன தமிழ்ப் பெயர், எந்த டவுனிலிருந்து எத்தனையாவது கட்டை, என்ன பயிர், எந்த ஆண்டு வரை லயத்தில் ஆள் இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, இந்த ஆறு விவரம் போதும். லயத்தின் தமிழ்ப் பெயர்களை எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டு, அவர்கள் உச்சரிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள், திருத்த வேண்டாம். ஒரே தோட்டத்துக்கு இருவர் வெவ்வேறு பெயர் அனுப்பினால் இரண்டையும் போடுங்கள். மேட்டு லயத்துக்காரர் ஒரு பெயரும் ஆத்தோரத்து லயத்துக்காரர் இன்னொரு பெயரும் சொல்லியிருப்பார்கள், இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துப் பட்டியலை முதல் வாரத்துக்கு எழுதி அனுப்ப நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்கள்,
பீடோங், கெடா.